முழுங்காத வெள்ளைக் குளிசைகள்

"இந்த ரெண்டு அட்டைதான் அம்மா, என்ட தம்பிட குடும்ப மானம்."

அப்படிச் சொல்லி ஐறிஸின் மேசையில் இரண்டு குளிசை அட்டைகளை வைத்த மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கண்ணில் ஈரம் இருந்ததா என்று உதயரூபன் எட்டிப் பார்த்தான். சாம்பல் சேட்டும் ஈரக்குடையும்தான் தெரிந்தன. பெயர் அருமைநாயகம் என்றார், ஊர் கரடியனாறு என்றார். வெளியே மார்கழி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

தொலைந்தவர்களைத் தேடிக் கொடுப்பது ஐறிஸின் வேலை. மட்டக்களப்புப் பறங்கிப் பெண்மணி. டச்பார் கடற்கரையில் இருந்த வீட்டையும் கணவர் க்ளைவையும் சுனாமி ஒரே இழுப்பில் கொண்டுபோனது. க்ளைவைத் தேடி ஆஸ்பத்திரி, முகாம், மயானம் என்று அலைந்தவர் அந்த வழியிலேயே மற்றவர்களின் ஆட்களையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தார். கண்டுபிடிக்காமல் போனது க்ளைவை மட்டும்தான். பிறகு யுத்தம் மறுபடி ஆட்களைக் கொண்டுபோகத் தொடங்கியது. அது முடிந்து ஏழெட்டு மாதமாகியும் அவர் வாசலுக்குத் தேடி வருகிறவர்கள் குறையவில்லை.

உதயரூபன் அவருக்கு ஆட்டோ ஓட்டுபவன், கைத்துணை, காவல், எல்லாம். ஆட்டோவுக்குப் பிரேக் இருக்கிறது, இந்த மனுசன்ட வாய்க்குத்தான் இல்லை என்று அவன் மனைவி சுகிர்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

"தம்பிட பேர் கோணாமலை. வாவிக்கு மீனுக்குப் போனவன், ரெண்டு வருசமா ஆளில்ல," என்றார் அருமைநாயகம். "அவன்ட பொஞ்சாதி தவமலர் எங்கட வீட்டுக்கு மருமகளா வந்தவள். வாவிக்கரையில எங்கட வளவிலதான் இன்னும் இருக்காள். அம்மா நல்லவ, அவளத் துரத்தாம வெச்சிருக்கா. வளவக் கூட்டக்குள்ள குப்பையில இது கிடந்திச்சு. புருசன் இல்லாதவளுக்கு இது எதுக்கு?"

"தலையிடிக்கா இருக்கும்," என்றான் உதயரூபன்.

"பிள்ளை தங்காம இருக்கப் போடுற குளிசை தம்பி இது."

"அப்பிடியா ஐயா? எனக்குத் தெரிஞ்சிருந்தா நாலு பிள்ளை வந்திருக்காதே."

அருமைநாயகம் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாத முகமாகவே அது இருந்தது. "ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியணும் அம்மா. காணாமப்போன ஆக்கள்ட சனம் உங்களிட்டத்தான் வாய் திறக்குமாம். இண்டைக்கு மத்தியானத்துக்குள்ள கேட்டுச் சொல்லுங்க."

"அதென்ன மத்தியானக் கணக்கு?" என்றார் ஐறிஸ்.

"பின்னேரம் ஊருக்குப் போகணும். வட்டையில வேலை கிடக்கு."

வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே அவர் படி இறங்கினார். வயல்காரர் ஒருவர் தெருவை அப்படிப் பார்த்து உதயரூபன் கண்டதில்லை.

ஐறிஸ் அட்டைகளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "உனக்கு என்ன தெரியுது?"

"ஓட்டை."

"எங்க ஓட்டை?"

அவன் குனிந்து பார்த்தான். இரண்டு அட்டையும் ஒரே மாதிரி. ஒரு வரிசையில் ஏழாக நாலு வரிசை. மேல் மூன்று வரிசையும் வெள்ளைக் குளிசை, கடைசி வரிசை மண்ணிறம். மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் மேலே கிழமையின் எழுத்து. முதல் அட்டையில் வெள்ளையில் மூன்றுதான் எடுபட்டிருந்தது, அந்த மூன்றும் ஒரே நிரலில், ஒன்றின் கீழ் ஒன்றாக. மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது. இரண்டாவது அட்டை அதைவிட விசித்திரம். அதில் ஒரு வெள்ளையைக்கூடத் தொடவில்லை. மண்ணிற வரிசை மட்டும் முழுக்கக் காலி.

"இவள் குளிசை போடுறாளா, தாயம் விளையாடுறாளா?" என்றான் உதயரூபன்.

"ஆட்டோவ எடு. விதுர்ஷாவிட்டக் கேப்பம்."

விதுர்ஷா அந்த வாவிக்கரைப் பக்கத்துக்கு மருத்துவிச்சி. சனம் மிஸ்ஸி என்று கூப்பிடும். கிளினிக்கில் யாரும் இல்லாத நேரம். அட்டையைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"ஆர்ரதெண்டு கேக்காதீங்க அன்ரி. சொல்லமாட்டன்."

"ஆளக் கேக்கல்ல புள்ள. குளிசையச் சொல்லு. இது நல்லதா, கெட்டதா?"

"நல்லது. முந்தின காலத்துக் குளிசை மாதிரி இல்ல, இதில மருந்து குறைவு. ஒழுங்காப் போட்டா வருசத்தில நூறு பேருக்கு ஒருத்திகூட பிள்ளைத்தாச்சியாகாள். புத்துநோய் வரும், கர்ப்பப்பை அடைச்சுப்போகும் எண்டு ஊரெல்லாம் கதை, அதைக் கேட்டுத்தான் பாதிப்பேர் நிப்பாட்டுறது. ஆனா எல்லாருக்கும் குடுக்கிறதும் இல்ல. பிரஷர் இருக்கிறவ, காலில இரத்தம் கட்டினவ, கண்ணில மின்னல் வெட்டித் தலையிடிக்கிறவ, முப்பத்தஞ்சுக்கு மேல சுருட்டுக் குடிக்கிறவ, இவங்களுக்கு வேற வழி சொல்லுவன். ஒரு கால் வீங்கினா, நெஞ்சு நொந்தா, அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும் எண்டும் சொல்லித்தான் விடுறது."

"சுருட்டுக் குடிக்கிறவவா?" என்றான் உதயரூபன். "அப்ப என்ட மாமி தப்பினா."

"மருந்து குறைவு எண்டபடியால நாள் தவறப்படாது," என்று விதுர்ஷா அவனைக் கவனிக்காமல் தொடர்ந்தாள். "நாள் தவறாம இருக்கத்தான் மேல கிழமை போட்டிருக்கு. கிழமையப் பாத்துப் போடுங்க எண்டு நான் எல்லாருக்கும் சொல்றது."

"ஒருத்தி அதக் கேட்டு, வாரத்தில ஒரு நாளுக்குரியத மட்டும் போட்டா?"

விதுர்ஷா முதல் அட்டையைத் திரும்பப் பார்த்தாள். பார்த்தபடியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ச்சல் வந்தாப் போடுற மாதிரி, புருசன் வாற நாளில மட்டும் ஒண்டு. வெளிநாட்டுக்காரன்ட பொஞ்சாதிமார், ஆழ்கடலுக்குப் போறவன்ட பொஞ்சாதிமார், சில பேர் அப்பிடிச் செய்றது. அது போட்டும் போடாததுதான் அன்ரி. அதால ஒரு பிரயோசனமும் இல்ல."

"சரி. மண்ணிறத்த மட்டும் போடுறவள்?"

"மண்ணிறம் சும்மா இரும்புச்சத்து. இரத்தம் ஊற. அத மட்டும் ஆரு…" அவள் இரண்டாவது அட்டையை இழுத்து மண்ணிற வரிசையில் விரல் வைத்தாள்.

"வயித்தில தங்கினது தெரியாம வெள்ளையும் போட்டிருந்தா, பிள்ளைக்குப் பழுது வருமா?"

"வராது. பயப்பட ஒண்டுமில்ல." விதுர்ஷாவின் குரல் இறங்கிவிட்டது. "ஆனா அவவ இஞ்ச வரச் சொல்லுங்க. பிரஷர் பாக்கணும், இரத்தம் பாக்கணும். அட்டைக்கு ஏழு குளிசையில ஒரு பிள்ளைய வளக்கேலாது அன்ரி."

ஆட்டோ வாவியோரப் பாதையில் திரும்பியதும் உதயரூபன் பொறுமை இழந்தான். "நீங்க ரெண்டு பேரும் கண்ணால கதைச்சீங்க. எனக்கு வாயால சொல்லுங்க."

"தவமலர் பிள்ளைத்தாச்சி. கிளினிக்குக்குப் போனா 'தகப்பன் ஆரு' எண்டு கேப்பாங்க. அதால போகாம, பிள்ளை தங்காமலிருக்கப் போடுற அட்டைய வாங்கி, அதில இருக்கிற இரும்பத் தெரிஞ்செடுத்து முழுங்கிறாள்."

"அப்ப அந்த மனுசன் சொன்னது சரி. ஆரோ ஒருத்தன் இருக்கான்."

"ஊருக்குத் தெரியாத சிநேகிதமெண்டா, அந்த வயித்த அழிக்கத்தான் வழி தேடுவாள். இவள் ஒளிச்சு வெச்சு ஊட்டம் குடுக்கிறாள். வேணும் வேணுமெண்டு பெறப் பாக்கிற பிள்ளை, ஆனா தகப்பன்ட பேர வெளிய சொல்லேலாத பிள்ளை. அப்பிடியொரு தகப்பன் ஆரு உதயன்?"

அவன் பாதையை மறந்து பின்னால் திரும்பினான். "கோணாமலை. உயிரோட இருக்கானா!"

"இருக்கான்."

"அப்ப இதக் கேட்டா அருமைநாயகம் ஐயா துள்ளிக் குதிப்பாரே. இனியாவது அந்த மூஞ்சியில ஒரு சிரிப்பு…"

"நீ கலியாணம் முடிச்சு எங்க போன?"

"எங்க போறது? மாமி வீட்டுக்குத்தான். அது சுகிர்தாட சீதன வீடு. ஒவ்வொரு சண்டையையும் 'இது என்ட வீடு' எண்டுதான் தொடங்குவாள்."

"இஞ்ச ஆர்ர மருமகள் மாமியார்ட வளவில இருக்காள்? எந்த மாமியார் மருமகளத் துரத்தாம வெச்சிருக்கா?"

உதயரூபனின் கை தானாகவே வேகத்தைக் குறைத்தது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏறுவான். துரத்துவதென்றால் அவனைத்தான் துரத்துவார்கள். கரடியனாற்றில் பிறந்த ஒருத்தர் வாய் தவறிக்கூட அப்படிச் சொல்லமாட்டார்.

"அப்ப அந்தாள் கோணாமலைட அண்ணன் இல்ல," என்றான்.

"இந்தப் பக்கத்து ஆளே இல்ல. கோணாமலை செத்தானா இருக்கானா எண்டு அவனுக்குத் தெரியணும். அதுக்குத்தான் என்னட்ட வந்தது. நான் கேட்டா அவள் வாய் திறப்பாளெண்டு." ஐறிஸ் அட்டைகளை மடியில் கவிழ்த்து வைத்தார். பயத்தினால் அல்ல, அவமானத்தினால். இத்தனை வருடமாக அவர் சேர்த்த நம்பிக்கையை ஒருவன் தூண்டிலில் இரையாகக் குத்தியிருக்கிறான்.

உதயரூபன் கண்ணாடியைப் பார்த்தான். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். இலக்கத்தகட்டில் சேறு அப்பிக் கிடந்தது. ஓட்டியவன் சாம்பல் சேட்டுப் போட்டிருந்தான்.

"கிறுகித் திரும்பிப் போவமா அன்ரி?"

"கிறுகினா அவன் தனியப் போவான். வீடு தெரிஞ்சவன்தானே, குப்பையக் கிளறினவன்." ஐறிஸ் முதல் அட்டையைக் கையில் எடுத்தார். "இந்த மூண்டு வெள்ளையும் எந்தக் கிழமைட நிரல்?"

"வெள்ளி."

"வெள்ளி மத்தியானம் இந்த வாவியில என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது. இந்தத் துண்டில வலை வீசுறது முழுக்க பக்கத்து ஊர் முஸ்லிம் ஆக்கள். ஜும்மாவுக்கு எல்லாத் தோணியும் கரை ஏறிடும். ஒரு குருவி இருக்காது. ஆரு வந்தாலும்…" அவன் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தான். வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து ஒருவன் யார் கண்ணிலும் படாமல் தோணியில் வர வேறு நேரமே இல்லை. அருமைநாயகம் மத்தியானத்துக்குள் கேட்டதும் அதற்குத்தான்.

இன்றைக்கு என்ன கிழமை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிவாசலில் ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது.

தவமலரின் வீடு பாதையின் கடைசியில், வாவித் தண்ணீர் தொடும் தூரத்தில் இருந்தது. முற்றத்துக் கொடியில் ஒரு சிவப்புச் சீலை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. தூறலில் யார் சீலை காயப்போடுவார்கள் என்று உதயரூபன் நினைத்தான். மோட்டார் சைக்கிள் வளைவில், பூவரசு மரத்துக்குக் கீழ் நின்றுவிட்டது.

தளர்ந்த சட்டையோடு வெளியே வந்தவளிடம் ஐறிஸ் சுற்றி வளைக்கவில்லை. "தவமலர், நான் ஐறிஸ். உன்ட குளிசை அட்டை பிழையான ஆள்ட கையில கிடக்கு. பின்னால வந்து நிக்கிறான். உன்ட மனுசன் இப்ப வாறாரா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவர் இல்ல. அவர் காணாமப் போன…"

"புள்ள, நேரமில்ல."

தவமலரின் கண் வாவிக்கு ஓடியது. அதுவே பதில். "ராவில வலை போடப் போய், ஆரோ ஆரையோ சாக்கில கட்டி வாவிக்குள்ள இறக்கினதக் கண்டுட்டார். கண்டது அவங்களுக்கும் தெரியும். அண்டையிலிருந்து அக்கரையில ஒளிச்சிருக்கார். என்ட ரெண்டு பிள்ளையையும் கடல் கொண்டு போச்சு அன்ரி. இது மூண்டாவது. இதையும் இவரையும் குடுத்திட்டு நான் என்னத்துக்கு இருக்க?" வயிற்றில் கை வைத்தாள். "அந்த வெள்ளைக் குளிசை போட்டதால இதுக்கு ஏதும் பழுது வருமா? மிஸ்ஸியிட்டக் கேக்கவும் பயம்."

"வராது. மிஸ்ஸியே சொன்னா. அவருக்கு வராதீங்க எண்டு எப்பிடிச் சொல்லுவ?"

"அந்தச் சிவப்புச் சீலை. கொடியில கிடந்தாத்தான் வருவார்."

தூறல் அந்த நேரம் பார்த்து மழையாகக் கொட்டியது. மழைக்குத் துணி எடுப்பவளைப்போல் தவமலர் முற்றத்தில் இறங்கி ஓடினாள். சீலையை இழுத்துச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தூரத்தில், கண்டல் மரங்களுக்கு வெளியே தலை நீட்டிய ஒரு சின்னத் தோணி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு வந்த வழியே மெல்லத் திரும்பியது. உதயரூபன் மூச்சுவிட்டான்.

விட்ட மூச்சு முடியவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு அருமைநாயகம் உள்ளே வந்தார். அந்தப் பெயரும் அவனுடையதாக இருக்காது. குடையில்லை. கண்ணைத் துடைக்கும் நாடகமும் இல்லை. வலது கை இடுப்புப் பக்கம் சேட்டுக்குள்ளேயே இருந்தது.

மழையில் நனைந்த சட்டை தவமலரின் உடம்போடு ஒட்டி வயிறு தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, "ஆர்ர பிள்ளை?" என்றான்.

தவமலர் சீலையை வயிற்றுக்கு முன்னால் இறக்கிப் பிடித்தாள். அவன் கண் தவமலரை விட்டு, அவள் அணைத்திருந்த சீலைக்குப் போனது. அங்கிருந்து வெறுங்கொடிக்கு. பிறகு வாவிப் பக்கம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. தோணி இன்னும் கண்டலுக்குள் மறையவில்லை என்பது உதயரூபனுக்குத் தெரியும்.

"என்ட," என்றான் உதயரூபன்.

திரும்பிக்கொண்டிருந்த முகம் நின்றது.

"என்ன?"

"என்ட பிள்ளை. நான்தான் ஆள்."

"காலையில என்ட முன்னால பகிடி விட்டுக்கிட்டு நிண்டியே?"

"பேர் வெளிய வந்திருமெண்ட பயத்தில வேற என்ன செய்றது? பயந்தா எனக்குப் பகிடிதான் வரும்."

"எப்ப எப்ப வாற நீ இஞ்ச?"

"வெள்ளிக்கிழமை. மத்தியானத்தில. தோணிக்காரர் இல்லாத நேரம், ஆரும் காணமாட்டாங்க."

அந்த முகத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று தளர்ந்தது. வெள்ளி நிரல் அவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் வைத்திருந்த பரீட்சையே அதுதான்.

பளார் என்று ஓர் அறை உதயரூபனின் கன்னத்தில் விழுந்தது. அடித்தது ஐறிஸ். "உன்ன என்ட வீட்டுக்குள்ள எடுத்தனே! இந்த மனுசன்ட முன்னால என்னை விசரியாக்கினியே!" அவர் கண்ணில் வழிந்த கண்ணீர் மட்டும் நடிப்பில்லை. தவமலர் தலையைக் குனிந்து, "ஓம். இவர்தான்," என்றாள். அந்தப் பழி இனி அவள் சாகும்வரை அவளோடு இருக்கும். அது தெரிந்தே சொன்னாள்.

சாம்பல் சேட்டுக்காரன் தன் கைத்தொலைபேசியை எடுத்தான். "உனக்குப் பொஞ்சாதி இருக்காளா?"

உதயரூபன் கன்னத்திலிருந்து கையை எடுத்தான். "இருக்கா."

"நம்பரச் சொல்லு."

அழைப்பு மணி முற்றம் முழுக்கக் கேட்டது. சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் அவன் தொலைபேசியை நீட்டினான்.

"ஆரு?" சுகிர்தாவின் குரல்.

"நான்தான்."

"இதென்ன புது நம்பர்? சுறுக்கா வாங்க. பாவக்காய் பொரிச்சிருக்கன், சோறு ஆறுது."

"சுகிர்தா, நான் வாவிக்கரையில ஒருத்தியோட இருக்கிறன். கனகாலமா. அவள் இப்ப பிள்ளைத்தாச்சி."

அவள் சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள். அவன் சொல்லும் எல்லாவற்றுக்கும் சிரிப்பவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். "இண்டைக்கு இதுவா பகிடி? நேத்தையத விட இது நல்லா இருக்கு."

"பகிடி இல்ல சுகிர்தா."

"சும்மா இருங்க."

"பிள்ளை என்ட."

மறுமுனையில் அவன் கடைசி மகள் எதற்கோ அழுதுகொண்டிருந்தது கேட்டது. பிறகு ஒருநாள் உண்மையைச் சொல்லலாம் என்று அவன் மனதை ஆற்றிக்கொள்ளப் பார்த்தான். ஆனால் அவள் இன்றைக்குத் தெருவில் இறங்கித் தலையில் அடித்துக் கத்தாவிட்டால் இந்தப் பொய் நிற்காது. பொய் நிற்காவிட்டால் கோணாமலை இல்லை. அவளுக்குத் தெரியவே கூடாது.

"இது என்ட வீடு," என்றாள் சுகிர்தா. எல்லாச் சண்டையையும் தொடங்குகிற அதே வசனம். இந்த முறை அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. "இனி இந்தப் படி ஏறாதீங்க."

தொடர்பு அறுந்தது. வந்தவன் தொலைபேசியை வாங்கிச் சேட்டில் துடைத்துப் பைக்குள் வைத்தான். "வெள்ளிக்கு வெள்ளி வா," என்றான் உதயரூபனிடம், கிட்டத்தட்ட அன்பாக. "வராட்டி எனக்கு வேற யோசனை வரும்." படலையைச் சாத்திவிட்டுப் போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் மழைக்குள் தேய்ந்து போனது.

தவமலர் உதயரூபனைப் பார்த்து, "அண்ணன்," என்று ஏதோ சொல்ல வந்தாள். அழுகை முந்திக்கொண்டது. வாவியில் இப்போது மழை மட்டும்தான் இருந்தது.

ஐறிஸ் தான் அடித்த கன்னத்தைத் தன் கைலேஞ்சியால் ஒற்றினார். "ஏறு உதயன். போவம்."

அவன் ஆட்டோவில் ஏறி, திறப்பைச் சாவித்துளையில் போட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பகிடி ஒன்று வரும் என்று ஐறிஸ் காத்திருந்தார்.

"எங்க அன்ரி?" என்று கேட்டான்.

எத்தனையோ பேரை வீடு சேர்த்த ஐறிஸ், கைலேஞ்சியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.